புளி தட்டும் மணை செய்த கதை

தை மாதக் கடைசியில் ஒரு போன் வந்தது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் புளி மண்டி வைத்திருப்பவர். "ஏம்மா, பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு டிசைன் பண்ணுன பொண்ணு நீதானா? எனக்கு பன்னெண்டு ஸ்டீல் டேபிள் வேணும். ஓட்டல் சமையக்கட்டுல இருக்குமே, அந்த மாதிரி. மாசி பாதிக்குள்ள வந்துரணும்." அளவு என்ன என்று கேட்டேன். "அதுக்குத்தானே உன்னைக் கூப்பிடறேன்" என்றார்.

பெங்களூரில் டிசைன் படித்துவிட்டு, அங்கேயே நாலு வருடம் ஆபீஸ் நாற்காலிகள் வரைந்துகொண்டிருந்து, அலுத்துப்போய் தருமபுரிக்கே திரும்பி வந்தவள் நான். நாலு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வெல்டிங் பட்டறையில் பாதி இடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். பன்னிரண்டு மேசை என்றால் எனக்குப் பெரிய ஆர்டர். மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

மண்டி என்றாலும் அது ஒரு நீளமான தகரக் கொட்டகைதான். ஒரு பக்கம் ஓடு நீக்கிய புளி மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. மறுபக்கம் பதினைந்து, பதினாறு பெண்கள் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். புளி தட்டுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இடது கை ஒரு சுளையைக் கல்லின் மேல் நிறுத்திப் பிடிக்கும். வலது கை ஒரு சின்ன இரும்பால் ஓங்காமல், மணிக்கட்டை மட்டும் அசைத்து ஒரு தட்டு தட்டும். கொட்டை பிதுங்கி வெளியே தெறிக்கும். அடுத்த கொட்டை, அடுத்த தட்டு. சுளை முடிந்ததும் இடது கையே நாரை உருவிவிட்டுப் புளியை ஒரு பக்கம் போடும். ஒரு சுளைக்கு எத்தனை தட்டு என்று நான் எண்ணி முடிப்பதற்குள் அடுத்த சுளைக்குப் போய்விடுகிறார்கள். நூறு கிலோ புளியம்பழத்தில் சுமார் 55 கிலோதான் சதை. 34 கிலோ கொட்டை, மிச்சம் ஓடும் நாரும். கொட்டையும் வீணில்லை. அதை அரைத்த மாவு துணி ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போடப் போகிறது. அதனால் மண்டிக்காரர் புளியை ஒரு தரமும் கொட்டையை ஒரு தரமும் எடை போட்டுத்தான் வாங்குவார். கூலி கிலோ கணக்கு.

மேசை எதற்கு என்று கேட்டதற்கு உண்மையான காரணம் வெளியே வந்தது. அவரிடம் சரக்கு எடுக்கிற மசாலா கம்பெனி ஒன்று, போன பருவத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனதாம். புளி தரையில் படக்கூடாது, காலுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்தப் பருவம் மாற்றாவிட்டால் சரக்கு வேண்டாமாம். மண்டிக்காரரைப் பொறுத்தவரை தரைக்கு எதிர்ப்பதம் மேசை. எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் பட்டது.

ஒரு வாரத்தில் வரைந்தேன். 30 இன்ச் உயர மேசை, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார முதுகு சாய்ந்த ஸ்டூல், நடுவில் பளபளவென்று கிருஷ்ணகிரி கறுப்பு கிரானைட் துண்டு ஒன்று பதித்து, கொட்டை விழுவதற்கு வலது பக்கம் ஒரு ஓட்டை. கம்ப்யூட்டரில் நிழலெல்லாம் விழ வைத்து கலரில் பிரிண்ட் போட்டேன். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, ஒட்டுச் சீட்டுக் கட்டு எல்லாம் பையில். கல்லூரியில் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்: பயன்படுத்தப் போகிறவர்களைக் கூட்டு, படத்தைக் காட்டு, பிடித்ததைப் பச்சைச் சீட்டிலும் பிடிக்காததைச் சிவப்புச் சீட்டிலும் எழுதச் சொல்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டினேன். பச்சைச் சீட்டெல்லாம் தீர்ந்துபோனது. எழுதத் தெரிந்த இரண்டு பேர் மற்றவர்களுக்கும் சேர்த்து "நல்லா இருக்கு" என்று எழுதி ஒட்டினார்கள். சிவப்பு ஒன்றுகூட இல்லை. மண்டிக்காரர் கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். போட்டோ வேறு எடுத்துக்கொண்டேன், எங்காவது காட்டலாம் என்று.

சார்ட்டைச் சுருட்டும்போது, அந்தக் கூட்டத்திலேயே வயதில் மூத்த அக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டே கிட்டே வந்தார். "மேசை நல்லாத்தான் கீது கண்ணு. எங்க காலை எங்க வெக்கறது?"

"தரையில வெச்சுக்கலாம்கா. ஸ்டூல்ல உக்காந்து தொங்கப் போட்டு…"

"பகலெல்லாமா?"

அவ்வளவுதான் கேட்டார். பிறகு இன்னொன்றும் சொன்னார், அதுதான் ராத்திரி வரை உறுத்தியது: "அரை மணி நேரம் இதுல போயிருச்சு. இன்னிக்கு மூணு கிலோ கொறையும்." என் கூட்டத்துக்கான செலவை அவர்கள்தான் கட்டியிருக்கிறார்கள். அந்த மூன்று கிலோ மண்டிக்காரர் கணக்கிலும் வராது, என் பில்லிலும் வராது.

மறுபடி போனபோது படம் எடுத்துப் போகவில்லை. காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் வரை அவர்களோடு உட்கார்ந்து நானும் தட்டினேன். என் ஒரு நாள் விளைச்சலைச் சொல்ல மாட்டேன். ஆனால் பதினோரு மணிக்குள் ஒன்று புரிந்துவிட்டது. தரையில் உட்காருவது என்பது ஒரே இருக்கை இல்லை. சம்மணம், ஒரு கால் நீட்டி ஒரு கால் மடக்கி, இரண்டு காலையும் நீட்டிக் கல்லை நடுவில் வைத்து, குத்துக்காலிட்டு. இருபது நிமிடத்துக்கு ஒரு தரம், தட்டு நிற்காமலே, கால் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஸ்டூலில் உட்கார வைத்தால் இத்தனை இருக்கைகளையும் பிடுங்கிக்கொண்டு ஒன்றே ஒன்றைத் தருகிறோம். ஜெய்ப்பூர் கால் ஞாபகம் வந்தது. 1960களின் கடைசியில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து அந்தச் செயற்கைக் காலை உருவாக்கியதற்கே காரணம், அதுவரை இருந்த மேல்நாட்டுக் காலை மாட்டிக்கொண்டு குத்துக்காலிடவும் சம்மணமிடவும் வெறுங்காலோடு வயலில் நடக்கவும் முடியவில்லை என்பதுதானே. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள், மேசைக்கு அடியில் ஸ்டூலைப் போட்டு வரைந்திருக்கிறேன்.

மண்டிக்காரரிடம் போய் மேசை வேண்டாம் என்றேன். சண்டையே வந்துவிட்டது. "கம்பெனிக்காரன் தரையில படக்கூடாதுங்கறான், நீ தரையிலயே உக்கார வெக்கறங்கறே." புளிதான் தரையில் படக்கூடாது, ஆள் உட்காரலாம் என்று நான் பிரித்துச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். அடுத்ததாக நான் கேட்டது அவருக்கு அதைவிடக் கசந்தது: இரண்டு அரை நாள், எட்டுப் பெண்களுக்கு, தட்டாமலே கூலி. அதற்கு முந்தைய வாரம் அவரவர் தட்டிய சராசரியைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். "பேசறதுக்குக் கூலியா?" என்றார். உங்கள் கணக்குப்பிள்ளை பேசுவதற்கும் சம்பளம்தானே கொடுக்கிறீர்கள் என்றேன். கடைசியில் முதல் நாள் என் கட்டணத்திலிருந்து கழிப்பது, உபயோகமாக இருந்தால் இரண்டாவது நாள் அவர் தருவது என்று முடிந்தது. இரண்டாவது நாளுக்கு அவர் தந்தார். கேட்காமலே டீயும் போண்டாவும்கூட வாங்கித் தந்தார்.

அந்த முதல் அரை நாளுக்கு நான் கொண்டு போனது ஒரு பிரிட்ஜ் அட்டைப்பெட்டி, அரை டஜன் செங்கல், பிளாஸ்டர் டேப், இரண்டு கத்தி. அவ்வளவுதான்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் அச்சுத் தொழிலாளர் சங்கங்களும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து யுடோபியா என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். பத்திரிகை அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது. அது எப்படி இருக்க வேண்டும் என்று பக்கம் கோப்பவர்களே சொல்ல வேண்டும். ஆனால் இன்னும் வராத எந்திரத்தைப் பற்றி என்ன சொல்வது? வெறும் அட்டைப்பெட்டி ஒன்றை மேசையில் வைத்து, அதன் மேல் 'லேசர் பிரிண்டர்' என்று எழுதி ஒட்டினார்கள். பலகைத் திரை, அட்டை எந்திரம் எல்லாம் வைத்துக்கொண்டு அந்தத் தொழிலாளிகள் தங்கள் வேலையைச் செய்து காட்டினார்கள். எது எங்கே இடிக்கிறது என்று அட்டையிலேயே தெரிந்துவிட்டது. பிரிண்ட் போட்ட படத்துக்கு யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். ஏற்கெனவே செலவு செய்த பொருள்போல் அது இருக்கும். அழுக்கு அட்டையைக் கெடுக்க யாருக்கும் கூச்சமில்லை.

செங்கல் மேல் அட்டையைத் தட்டுபோல வைத்து, நடுவில் அவர்களுடைய கல்லையே வைத்தேன். மூத்த அக்கா உட்கார்ந்தார். கால் நீட்டினார், அட்டை விளிம்பு தொடையில் இடித்தது. பின்னால் நகர்ந்தார், கல் எட்டவில்லை. முன்னால் குனிந்து இரண்டு தட்டு தட்டிவிட்டு நிமிர்ந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கத்தியை எடுத்தார். தன் வயிற்றுக்கு எதிரே அட்டையில் பிறைபோல் ஒரு வளைவை வெட்டி எடுத்து, வெட்டிய துண்டைப் பின்னால் வீசிவிட்டு, அட்டையை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டார். இப்போது அட்டை அவரைச் சுற்றி வந்து இரண்டு முழங்கைக்கும் இடம் கொடுத்தது. கல் கைக்குள் வந்தது. கால்கள் அட்டைக்கு அடியில் போய்விட்டன. புளி மேலே, கால் கீழே. கம்பெனிக்காரர்கள் எழுதிக் கொடுத்த இரண்டு நிபந்தனைகளும் அந்த ஒரு வெட்டில் தீர்ந்தன. ஒரு வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எனக்குத் தட்டுப்படாத கோடு அது.

அப்புறம் நான் ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஆளாளுக்கு உட்கார்ந்து பார்த்தார்கள், சண்டை போட்டார்கள். கொட்டை விழும் ஓட்டையை வலப்பக்கம் வைத்திருந்தேன். வலக்கையில் இரும்பு இருக்கும்போது கொட்டையை எந்தக் கை தள்ளும் என்று ஒருவர் கேட்டார். ஓட்டை இடப்பக்கம் போனது. உடனே இன்னொருவர், "எனக்கு?" என்றார். அவருக்கு இடக்கைப் பழக்கம். இத்தனை நேரம் எதிரே உட்கார்ந்து தட்டியும் நான் கவனிக்கவில்லை. ஆளுக்கொரு விதமாகச் செய்யலாம் என்றேன். "நாளைக்கு நான் வரலேன்னா என் தட்டுல யாரு உக்காருவா?" இரண்டு பக்கமும் ஓட்டை, வேண்டாததற்கு மூடி என்று ஆனது. அந்த அளவுக்கு மூடி பாத்திரக் கடையிலேயே கிடைக்கும், சின்ன டப்பாவுக்குப் போடும் மூடி என்று சொன்னதும் அவர்தான். மூட்டு வலி உள்ள ஒரு அக்கா, கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்துதான் இதுவரை தட்டிக்கொண்டிருந்தார். அவருக்காக உட்காரும் மணையைத் தட்டோடு சேர்க்காமல் தனியாக்கினோம். 3, 5, 7 இன்ச் என்று மூன்று உயரத்தில்.

கல்லுக்கு வருகிறேன். கிரானைட்டை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளூர்ப் பொருள், கழுவலாம், கறை பிடிக்காது. இப்போது வைத்திருப்பதும் கல்தானே என்று வாதாடினேன். "வேற என்ன இருக்கு, அதனால கல்லு" என்றார் ஒருவர். கல், விழுகிற அடியை அப்படியே கைக்குத் திருப்பி அனுப்புகிறது. நாள் முழுக்கத் தட்டினால் ராத்திரி மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கும். அடி கொஞ்சம் பலமாக விழுந்தால் கொட்டை உடைந்து துணுக்கு புளிக்குள் போய்விடும். மூத்த அக்காதான் கேட்டார்: "கறிக்கடைல என்னா மரம் கண்ணு வெச்சிருக்காங்க?"

புளியமரம்! கறி வெட்டும் கட்டை இந்தப் பக்கமெல்லாம் புளியமரம்தான். வைரம் பாய்ந்த மரம், கத்தி வெட்டுக்குச் சிம்பு விடாது. மரத்திலேயே காய்த்ததை மரத்தின் மேலேயே தட்டுவது. மண்டிக்காரரே சிரித்துவிட்டார்.

அரூர் ரோட்டில் ஒரு மர அறுவை மில்லில் புளியங்கட்டை கிடைத்தது. குறுக்கே அறுத்து, 8 இன்ச் விட்டம். வெட்டுவாய் மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் நார்கள் நிமிர்ந்து நின்று அடியை வாங்கிக்கொள்ளும். படுக்கை வாட்டில் அறுத்த பலகையாக இருந்தால் நாலே நாளில் செதில் கிளம்பும். முதலில் வாங்கிய நாலு கட்டை பச்சை மரம். நிழலில் வைத்திருந்தும் பத்து நாளில் நடுவிலிருந்து விளிம்பு வரை வெடித்துவிட்டன. பிறகு மில்காரரிடம் கெஞ்சி, போன வருடம் அறுத்துப் போட்டுக் காய்ந்த துண்டுகளாகப் பொறுக்கி எடுத்து, சுற்றி ஸ்டீல் பட்டை போட்டு போல்ட்டால் இறுக்கினேன். கறிக்கடையில் இரும்புப் பட்டை போடுவார்கள். இங்கே இரும்பு கூடாது. ஏன் என்பதை அடுத்த வாரமே செலவழித்துக் கற்றுக்கொண்டேன்.

தட்டு 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 18 கேஜ். 26 இன்ச் நீளம், 18 இன்ச் அகலம், உட்காருபவரின் கால் அடியில் நுழையும் உயரத்துக்குக் கால்கள். கொட்டை முன்பக்கம்தான் தெறிக்கிறது. அதனால் எதிர்ப்பக்க விளிம்பு மட்டும் இரண்டரை இன்ச், மற்றதெல்லாம் ஒரு இன்ச். நடுவில் எட்டே கால் இன்ச்சுக்கு வட்டமாக வெட்டி எடுத்திருக்கிறோம். கட்டை அதற்குள் நுழைந்து நேராகத் தரையில் நிற்கும். அடியெல்லாம் கட்டை வழியாகத் தரைக்குப் போய்விடுவதால் தகடு அதிராது, சத்தம் போடாது. எனக்குப் பெருமையாக இருந்த இடம் இது ஒன்றுதான், இதை மட்டும் நானே யோசித்தேன்.

பிறையின் விளிம்பை மேலே மடிக்கச் சொன்னபோது பட்டறை அண்ணன் கையை விரித்துவிட்டார். நேர் விளிம்பை மடிக்கலாம், வெளியே வளைந்ததைத் தட்டித் தட்டிச் சுருக்கலாம், உள்ளே வளைந்ததை மடித்தால் தகடு இழுபட்டுக் கிழியும். மடிக்காமல் விட்டால் தகட்டு வாய் வயிற்றைக் கிழிக்கும். 6 எம்எம் ஸ்டீல் கம்பியை அந்த வளைவுக்கே வளைத்து, ஆர்கான் வெல்டிங்கில் ஓட்டமாகப் பற்றவைத்து, உருட்டாக்கித் தந்தார். கம்பி அட்டையின் மேல் அச்சாகப் பொருந்துகிறதா என்று வைத்து வைத்துத்தான் வளைத்தார். நான் கொடுத்த அளவுத் தாளை ஒரு தரமும் பார்க்கவில்லை.

முதல் இரண்டு தட்டும் மண்டிக்குப் போன ஆறாவது நாள் போன்: "ஏம்மா, துருப் பிடிக்குது. எவர்சில்வர்னு சொன்னே." போய்ப் பார்த்தேன். வெல்டிங் ஓட்டத்தின் மேல் ஊசி ஊசியாகப் பழுப்புப் புள்ளி. அதன் மேல் ராத்திரி முழுக்கக் கிடந்த புளியில் மை தெளித்ததுபோல் கறுப்பு. தகடு நல்ல தகடுதான். முந்தின நாள் கேட் ஒன்றைத் தேய்த்த அதே கிரைண்டிங் சக்கரத்தால் இதையும் தேய்த்திருக்கிறார்கள். சக்கரத்தில் ஒட்டியிருந்த சாதா இரும்புத் துகள் ஸ்டீலுக்குள் அழுந்திவிட்டது. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அது பட்டால் அந்தத் துகள்தான் முதலில் துருப்பிடிக்கும். புளியங்கொட்டைத் தோலில் துவர்ப்புச் சத்து நிறைய. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை; அந்தக் காலத்தில் எழுதும் மையே அப்படித்தான் காய்ச்சினார்கள். அவர்கள் தட்டுகிற இரும்பும் இரும்புதானே என்று மண்டிக்காரர் கேட்டார். அது நாள் முழுக்க உரசித் தேய்ந்து பளபளப்பாக இருக்கிறது, புளியைத் தொட்டதும் எழுந்துவிடுகிறது. தட்டில் புளி மணிக்கணக்காகக் கிடக்கிறது. பட்டறையில் முன்கூட்டிச் சொல்லாதது என் தப்பு. புதுச் சக்கரம், புது எமரித் தாள் வாங்கி ஸ்டீலுக்கு மட்டும் என்று தனி டப்பாவில் வைத்தோம். பழைய இரண்டையும் தேய்த்து, சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவிட்டுக் கழுவினோம். அதற்குப் பிறகு புள்ளி வரவில்லை.

மாசி முடிவதற்குள் பன்னிரண்டும் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் போனால் நாலுதான் கொட்டகையில் இருந்தன. எட்டைக் காணோம். திருட்டு என்றுதான் நினைத்தேன். கணக்குப்பிள்ளை சாதாரணமாகச் சொன்னார், "மூட்டை எடுத்துட்டுப் போனவங்களோட போயிருக்கும்."

பாதிக்கு மேல் புளி வீட்டில்தான் தட்டப்படுகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். சாயங்காலம் மூட்டையை வாங்கிப் போய், சமைத்து முடித்து, டிவி சீரியல் பார்த்துக்கொண்டே தட்டி, காலையில் புளியும் கொட்டையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். கைக்குழந்தைக்காரிகள், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், கொட்டகைப் பக்கமே வராதவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததே இல்லை. என் அட்டை விளையாட்டிலும் அவர்கள் இல்லை. பகலில் போனேன், கொட்டகைக்குப் போனேன், அங்கே இருந்தவர்களைத்தான் ஊர் என்று எண்ணிக்கொண்டேன். மணையைத் தட்டோடு சேர்க்காமல் தனியாக வைத்தது யாரோ ஒரு அக்காவின் மூட்டு வலிக்காக. அந்த வலிதான் வீட்டுக்குத் தூக்கிப் போகவும் வழி செய்தது. தட்டு மூன்றரைக் கிலோ, கட்டை நாலுக்குக் கொஞ்சம் குறைவு. மூட்டையைத் தலையில் வைத்து, இதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம்.

மூன்று நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். மூத்த அக்காதான் கூட்டிப் போனார். என்னை யாருக்கும் அவர் டிசைனர் என்று அறிமுகப்படுத்தவில்லை, "தட்டு செய்யற பாப்பா" என்றார். ஒரு வீட்டில் கட்டையின் அடியில் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி ஆணியடித்திருந்தார்கள். ஏன் என்றால், பக்கத்து வீட்டில் பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிற பையன், ராத்திரி டொக் டொக் என்று தரை அதிர்கிறதாம். அதே டியூபில் இன்னொரு வளையம் கட்டையைச் சுற்றி மாட்டியிருந்தது. கட்டைக்கும் தட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் புளி இறங்குவதை அது அடைத்துவிட்டது. அந்தச் சந்தைப் பற்றி நான் ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்கும் டியூப் வளையம் போட்டேன். எல்லாக் கட்டையிலும் நடுவில் அரை இன்ச்சுக்குக் குழி விழுந்திருந்ததைப் பார்த்து, இழைத்துச் சமமாக்கித் தருகிறேன் என்றேன். "கை வெச்சிராத" என்று கத்தினார்கள். அந்தக் குழியில்தான் சுளை நகராமல் நிற்கிறதாம். குழி விழுகிற வரைக்கும்தான் கஷ்டம், இப்போதுதான் கட்டை பழகியிருக்கிறதாம். பாக்கி நாலு கட்டைக்கு வட்டக் கத்தி போட்டு நானே குழி எடுத்துக் கொடுத்தேன். "இது குழியில்ல, கிண்ணம்" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

பங்குனியில் கம்பெனியிலிருந்து தரம் பார்க்கும் மேடம் வந்தார். மண்டிக்காரர் முன்கூட்டியே ஒரு சாக்கில் வெள்ளை நைலான் கட்டைகள் வாங்கி வைத்திருந்தார். மேடம் வருகிற அன்றைக்கு மரத்தை ஒளித்துவிட்டு இதை வைத்துவிடலாம் என்பது திட்டம். பெண்கள் ஏற்கெனவே அதில் தட்டிப் பார்த்து, வழுக்குகிறது, இரும்பு எகிறுகிறது என்று தள்ளியிருந்தார்கள். ஒளிப்பதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் இதைப் பயன்படுத்தப் போகிறவர்தானே, அவரையும் உட்கார வைப்போம் என்றேன். மேடம் சுரிதாரை இழுத்துவிட்டுக்கொண்டு 5 இன்ச் மணையில் உட்கார்ந்தார். நைலானில் பத்துச் சுளை, மரத்தில் பத்துச் சுளை. நைலானில் தட்டியதில் மூன்று கொட்டை உடைந்து புளிக்குள் போயிருந்தது. அவரே பொறுக்கிப் பார்த்தார். மரத்தை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டார். கல்லுப்பு போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, அலசி, வெயிலில் காய வைப்போம் என்று மூத்த அக்கா பதில் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. இந்தப் பருவத்துக்கு மரம் இருக்கட்டும், வாரம் ஒரு நாள் முழு வெயில் வேண்டும், வெடித்த கட்டையை எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த பருவம் என்ன சொல்வார்களோ, அது அப்போது.

மண்டிக்காரர் மீதிப் பணத்தைச் சித்திரை பிறந்த பிறகு தந்தார். இன்னும் இருபது வேண்டும் என்றும் சொன்னார். ஆனால் மேசை என்றுதான் இன்னும் சொல்கிறார்: "அந்த மேசை இருபது போடும்மா."

இருபதுக்காகப் பழையதையெல்லாம் ஒரு தரம் எண்ணிப் பார்க்கப் போனேன். பன்னிரண்டு தட்டும் இருந்தன. கட்டையில் ஒன்று வெடித்திருந்தது. மூடி பன்னிரண்டு கொடுத்ததில் அஞ்சுதான் கண்ணில் பட்டது. ஓட்டையில் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். மூடி எங்கே என்று கேட்டதும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒன்று பால் சொம்பின் மேல் இருந்தது. ஒன்றில் சாமிக்கு விபூதி. புதுசுக்கெல்லாம் மூடியைச் சங்கிலி போட்டுத் தட்டோடு மாட்டிவிடுகிறேன், தொலையாது என்றேன்.

"சங்கிலி போட்டா வேற ஒண்ணுத்துக்கும் ஆவாதே" என்றார் இடக்கை அக்கா.